அறுபதுல வெச்ச காத்து

அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. கையில ஒரு சீட்டு வெச்சிருக்கறீங்களே, அதுல கால் படம் போட்டு ஒரு சீலு இருக்குதுங்களா? இருக்குதுல்ல? தூரத்துல இருந்தே தெரிஞ்சுதுங்க. எனக்கு இங்கிலீசு வராது, ஆனா அந்தக் காலு தெரியும். கீழ மெடிக்கலுக்குப் பக்கத்துக் கடையில போயி மெசினு வாடகைக்கு எடுத்துக்கச் சொல்லியிருப்பாங்க. காலுக்குக் காத்தடிக்கற மெசினு. யாருக்குங்க, அம்மாவுக்கா? முட்டியா, இடுப்பா? முட்டி. செரி செரி.

சித்த உக்காருங்க. கடை எங்கியும் ஓடிப்போவாது. வேற எந்தக் கடையில வேணா எடுங்க, அந்தக் கடையில மட்டும் எடுக்காதீங்க. ஓட்டை மெசினைக் குடுத்து எங்க ஊட்டுக்காரியை இந்தக் கதவுக்கு அந்தப்பக்கம் கொண்டாந்து போட்டுட்டாங்க. இந்தா, இந்தப் பையில இருக்குது பாருங்க. கையோட தூக்கியாந்துட்டேன். திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னால நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்காம உடமாட்டேன்.

நான் அர்த்தநாரிங்க. சங்ககிரி பைபாஸ்ல பஞ்சர் கடை வெச்சிருக்கறேன். முப்பத்திரண்டு வருசமா லாரி டயருதான் பொழப்பு. உள்ள கெடக்கறவ பாவாயி. ஐசியூன்னு எழுதியிருக்குதுல்ல, அதுக்குள்ள மூணாவது கட்டில்ல இருக்கறா. மூக்குல, வாயில எல்லாம் குழாய். காத்தால ஏழு மணிக்கு மூச்சு இழுக்க முடியலீன்னு சொன்னா. நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்துது. ஆம்புலன்சு வந்து, இங்க வந்து சேர்றதுக்குள்ள நகக்கண்ணு நீலமாப் போச்சுங்க. இப்ப மணி என்னங்க? மூணேகாலா? நாலு மணிக்கு டாக்டரு வெளிய வருவாரு. அதுவரைக்கும் இந்தச் சேர்தான்.

அவளுக்கு என்னாச்சுன்னா, துவைக்கற கல்லுகிட்ட சோப்புத் தண்ணியில வழுக்கி உழுந்துட்டா. இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. இதே ஆஸ்பத்திரியிலதான் கம்பி வெச்சு ஆப்பரேசன் பண்ணுனாங்க. அஞ்சு நாள் இருந்தோம். அப்பத்தான் மொதல்முதல்ல இந்த மெசினைப் பாத்தேன். ரெண்டு காலுக்கும் ரெண்டு உறை, குழாய், கட்டில் ஓரத்துல ஒரு பொட்டி. உர்ருன்னு காத்து ஏறும், உறை கெண்டைக்காலைக் கவ்விப் புடிக்கும், பத்து எண்ணறதுக்குள்ள புஸ்ஸுன்னு எறங்கிரும். ஒரு நிமிசம் சும்மா இருக்கும். மறுபடியும் உர்ரு. எனக்கு அதைப் பாத்ததுல ஒரு சந்தோசம் அம்மிணி, பொய் சொல்லக்கூடாது. ஊசி, மாத்திரை, ஸ்கேன் எல்லாத்துலயும் நான் பேக்கு மாதிரி நின்னேன். காத்துன்னா எனக்குத் தெரியும். அட, நம்ம சங்கதி ஒண்ணு இங்கயும் இருக்குதேன்னு இருந்துச்சு.

டாக்டரு நல்ல மனுசன். தமிழ்லயே சொன்னாரு. படுத்தே கெடந்தா காலுல ரத்தம் தேங்கி ஒறைஞ்சு கட்டியாயிரும், அது பிச்சுக்கிட்டு மேல போயி நெஞ்சுல அடைச்சுதுன்னா ஆளுக்கே ஆபத்துன்னாரு. நடந்தா கெண்டைக்கால் சதையே அமுக்கி ரத்தத்தை மேல தள்ளிரும். வாக்கர் புடிச்சு ரெண்டு வேளையும் நடக்கோணும், மாத்திரை உடாமப் போடோணும், நடக்காத நேரத்துக்கு இந்த மெசினு. ஒரு கால் மட்டும் வீங்குனா ஒடனே இங்க வந்தரோணும். பாருங்க, ஒண்ணு உடாம ஒப்பிக்கறேன். காது கேக்காத ஆளு இல்லீங்க நான்.

மெசினை ஊட்டுக்குக் கொண்டுபோய் மாட்டுனேன். அங்கயும் காத்து நிக்கல. ஏறுது, எறங்குது, ஏறுது, எறங்குது. நான் என்ன நெனைப்பேன் சொல்லுங்க. அடிச்ச காத்து நிக்கோணும், நிக்கலீன்னா பஞ்சரு. என்ற கடையில இருந்து ஒரு டயரு அப்படிப் போயிருக்குமா? உறையைக் கழட்டி, அன்னக்கூடையில சோப்புத் தண்ணி கரைச்சு, முக்கிப் பாத்தேன். ஒரு கொப்புளம் வரல. திருப்பிப் போட்டு முக்குனேன். வரல. கட்டில்ல இருந்து இவ பாத்துக்கிட்டே இருந்தவ, "ஏனுங் மாமா, என்ற காலு பஞ்சராயிப்போச்சுங்களா? ஸ்டெப்னி இருக்குதா?"ன்னு கேட்டா. இடுப்புல கம்பி இருக்கறப்ப சிரிச்சா வலிக்கும்னு தெரிஞ்சும் சிரிச்சா. அப்படிப்பட்டவதானுங்க அவ. ஜாக்கி எடுத்துக் குடுக்கறப்பவும் ஏதாச்சும் ஒண்ணு சொல்லித்தான் குடுப்பா.

கடைக்காரனுக்குப் போன் போட்டேன். அதோட வேலையே அதுதாங்க, உட்டு உட்டுத்தான் அமுக்கோணும், அப்பத்தான் ரத்தம் எறங்கி ஏறும்ங்கறான். வாடகைக்கு உடறவன் அப்படித்தான் சொல்லுவான்னு வெச்சுட்டேன். உட்டுப்புடிக்கற காத்துல எப்படி அம்மிணி நம்பிக்கை வரும்? அதுலயும் நாப்பதுல வெச்சுக் குடுத்திருக்கறான். பொட்டியில நாப்பதுன்னு எரியுது. நாப்பதுங்கறது ஒரு காருக்குச் செரி. நான் லாரிக்கு நூத்திப்பத்து, நூத்தி இருபது அடிக்கற ஆளு. ரெண்டு நாள் பாத்துட்டு அம்பதுல வெச்சேன். அப்பறம் அறுபது. ஆமாங்க, நானேதான். யாருகிட்டயும் சொல்லல. டாக்டருகிட்டயும் சொல்லல. காத்தாலயிருந்து அதுதான் நெஞ்சுல குத்திக்கிட்டே இருக்குது. அறுபதுல வெச்சதுலதான் அந்தக் கட்டி பிச்சுக்கிட்டு மேல போயிருச்சோன்னு.

என்னங்க? அந்த நாப்பது வேற, டயரு நாப்பது வேறயா? யாரு சொன்னா? நீங்க நர்சுங்களா? ஓ, ஸ்கூல் டீச்சருங்களா, சயின்சா. ரத்தக் கொதிப்பு பாக்கறாங்களே, அந்தக் கணக்கா அது? அப்ப அறுபதுன்னா என்ற கணக்குல எவ்வளவு வரும்? ஒரு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலயா? ஒரே ஒரு பவுண்டா? சைக்கிள் டியூப்பைக் கையில அமுக்குனாலே அவ்வளவு இருக்குமே.

அப்ப அறுபதுல வெச்சது மட்டும் அவளை இப்படி ஆக்கியிருக்காதுங்கறீங்க.

இல்லீங்க, சந்தோசப்பட முடியல. ஒரு தண்ணி பாட்டில் இருந்தாக் குடுங்க. தேங்க்ஸுங்க.

அந்த அறுபதைத்தான் நாலு மணிக்கு டாக்டருகிட்டச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். கூடுதலா வெச்சுப்போட்டேன் சார், தெரியாமப் பண்ணிப்போட்டேன்னு சொல்லிக் காலுல உழுந்தரலாம்னு. படிக்காதவன் ஒரு பட்டனைத் தப்பா அமுக்கிட்டான்னு திட்டுவாரு, உட்டுருவாரு. இப்ப நீங்க அதையும் புடுங்கிட்டீங்க.

அந்தப் பிசியோதெரபிக்கார அம்மாவைச் சொல்லோணும். ஊட்டுக்கு வந்து நடக்க வெக்கறதுன்னு ஆஸ்பத்திரியிலயே ஏற்பாடு. ஒரு நாள் வந்தாங்க, அதோட செரி. வந்திருந்தா இப்படி ஆயிருக்குமா? சொல்லுங்க. ஏன் வரலீன்னா, ஏன் வரலீன்னா, நான்தான் வரவேணாம்னு சொன்னேன்.

மொத நாள் அந்தம்மா பாவாயியை எந்திரிச்சு நிக்க வெச்சாங்க. வாக்கரைப் புடிச்சு ஒரு காலு, ரெண்டு காலு. மூணாவது அடியில கத்திப்போட்டா. கல்யாணமாயி முப்பத்திநாலு வருசத்துல அவ கத்தி நான் கேட்டதில்லீங்க. புள்ளை பெத்தப்பவும் ஆஸ்பத்திரித் திண்டுல உக்காந்திருந்தேன், ஒரு சத்தம் வரல. டயர் லீவர் எகிறி அவ கையில பட்டு வெரலு நசுங்குனப்ப, துணியைச் சுத்திக்கிட்டு அடுத்த நட்டைக் கழட்டுனவ. அவ கத்துனா. அந்தம்மா என்னடான்னா, வலிக்கும்தானுங்க, வலிச்சாலும் நடக்கோணும்னு சொல்றாங்க. எனக்கு அந்தச் சத்தம் இன்னொரு தடவை காதுல உழுகக்கூடாதுன்னு ஆயிப்போச்சு. அம்மா, நீங்க நாளையில இருந்து வரவேண்டாம், நாங்களே பாத்துக்கறோம்னு அனுப்பி உட்டுட்டேன்.

அதுக்கப்பறம் அவளைத் தரையில கால் வெக்கவே உடல. எதுக்கு நடக்கோணும்? மெசினுதான் நடக்குதே. மணிக்கணக்கா அவ காலுக்குப் பதிலா அது நடந்துக்கிட்டு இருக்குதுன்னு நெனச்சேன். கடையைச் சாத்திட்டேன். சாப்பாடு ஊட்டி உட்டேன். தலை சீவி உட்டேன், கோணல்மாணலா. கட்டில்லயே எல்லாம் புடிச்சு, கழுவி, தொடைச்சு, ஒண்ணுல கொறை வெக்கல. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க வந்து பாத்துட்டு, இப்படி ஒரு புருசனான்னு கண்ணு வெச்சுட்டுப் போனாங்க. எனக்குப் பெருமைதாங்க. அவ வாழ்நாள் பூராம் எனக்குச் செஞ்சா, இப்ப நான் செய்யறேன்னு.

அவதான் கேட்டுக்கிட்டே இருப்பா. "மாமா, இதைக் கழட்டி உடுங்க. பாத்ரூமுக்கு மட்டுமாச்சும் நான் நடந்து போறேன்." பேசாமப் படுன்னுருவேன். "மாமா, வாசல்படி வரைக்கும். ரோட்டைப் பாத்துட்டு வந்தர்றேன். எத்தனை லாரி போவுதுன்னு எண்ணி நாளாச்சு." லாரி எங்கியும் போவாது, நீ படுன்னுருவேன். ஒரு நா மத்தியானம் நான் கண்ணசந்த நேரம் அவளே உறையைக் கழட்டிப்போட்டு, வாக்கரை எட்டி இழுத்துக்கிட்டு இருந்தா. நான் கத்துன கத்துல பக்கத்து ஊட்டு நாயி குரைச்சுது. வாக்கரைத் தூக்கிக் கொண்டுபோயி கடையில போட்டுட்டேன், டயரு அடுக்கியிருக்கற எடத்துக்குப் பின்னால. அவளுக்கு எட்டாத மாதிரி. அதுக்கப்பறம் அவ கேக்கல. சிரிக்கவும் இல்ல. வலி கொறைஞ்சுருச்சு, அதான் அமைதியா இருக்கறான்னு நெனச்சேன்.

எம்மக திருப்பூர்ல இருக்கறா. கிருத்திகா. இப்பக் கீழ மருந்து வாங்கப் போயிருக்கறா, வந்துருவா. அவ அம்மாவைத் தன்ற ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஒரே புடியா நின்னா. பெரிய சண்டை. "உங்களுக்கு டயரைத்தான் பாத்துக்கத் தெரியும்ப்பா, ஆளைப் பாத்துக்கத் தெரியாது"ன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்போட்டா. நானும் உடல. உன்ற அம்மாவை ஒரு கொறை இல்லாம நடமாட வெச்சுக் காட்டறேன் பாருன்னேன். அதுல வேற ஒரு வீம்பு.

லிப்டு தொறக்குதா? இல்ல, வேற ஆரோ.

சொல்றேங்க. இதை ஆருகிட்டயும் சொல்லல. வியாழக்கெழமை காத்தால, பாவாயி கூப்புட்டா. "மாமா, இந்த எடது காலு மட்டும் கனமாக் கெடக்குது. என்னன்னு பாருங்க." உறையைக் கழட்டிப் பாத்தேன். நல்லா வீங்கியிருந்துச்சு. தோலு மினுமினுன்னு இருக்குது, தொட்டா சூடு. கட்டை வெரல்ல அமுக்குனா குழி உழுந்து அப்படியே நிக்குது. ஒரு நூலை எடுத்து ரெண்டு கெண்டைக்காலையும் சுத்தி அளந்து பாத்தேன். எடது காலு ரெண்டு வெரல்கடை பெருசு. ரெட்டை டயருல ஒண்ணு பெருசா, ஒண்ணு சிறுசா இருந்தா லாரியை ரோட்டுக்கே உடமாட்டேன் நான். கண்ணுல படாம இல்லீங்க. நல்லாப் பட்டுச்சு.

டாக்டரு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. ஒரு கால் மட்டும் வீங்குனான்னு சொன்னாருல்ல. அதுவும் ஞாபகம் வந்துச்சு.

அந்த நேரம் பாத்து மக போன். "அம்மா எப்படிப்பா இருக்கறாங்க? நடக்கறாங்களா?" கையில அந்த நூலு இருக்குது. நான், "ஓ, ஜோரா நடக்கறா"ன்னேன். பாவாயி என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. என்னைக் காட்டிக் குடுக்க மாட்டா. எந்தக் காலத்துலயும் காட்டிக் குடுத்தவ இல்ல.

வெறும் நீரு கோத்திருக்குது, காத்தை ஏத்தி வெச்சா மேல ஏறிரும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அன்னைக்குத்தான் அறுபதுல வெச்சது. எடது காலு உறையைக் கழட்டவே இல்ல. வெள்ளி, சனி, ஞாயிறு. அவ அந்தக் காலை உடுங்க மாமா, வலிக்குதுங்கறா. நீரு எறங்குதுன்னா அப்படித்தான் வலிக்கும்னு நான் டாக்டரு மாதிரி சொல்றேன். கட்டி ஏற்கெனவே உழுந்த காலுக்கு இந்த உறையை மாட்டவே கூடாதாமா. காத்தால டூட்டி நர்சம்மா சொன்னாங்க. மெசினோட குடுத்த தாளுலயும் போட்டிருக்குதாமா. நல்ல மெசினுதானுங்க இது. ஓட்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. அன்னக்கூடையில முக்கிப் பாத்தப்பவே எனக்குத் தெரியும்.

இதுக்கு மேலதான் அம்மிணி கேக்கோணும் நீங்க. காத்தால உள்ள கொண்டுபோனவொடனே டாக்டரு வெளிய வந்தாரு. நெஞ்சுல கட்டி அடைச்சிருக்குது, ஆப்பரேசன் பண்ணி நாள் ஆகல, கரைக்கற மருந்து போடறதா வேண்டாமான்னு ரொம்ப யோசிக்கோணும், போட்டா வேற எடத்துல ரத்தம் கசியலாம், போடாட்டியும் ஆபத்துன்னாரு. அதனால சரியாச் சொல்லுங்க, கால் வீக்கம் எப்ப ஆரம்பிச்சுது, தெனம் நடந்தாங்களான்னு கேட்டாரு. மக பக்கத்துல நிக்கறா. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவ, "அப்பா நல்லாத்தான் பாத்துக்கிட்டாரு டாக்டர், நான்தான் தப்பா நெனச்சுட்டேன்"னு சொல்லி என்ற கையைப் புடிச்சுக்கிட்டா. சின்னப் புள்ளையில புடிச்சது, அதுக்கப்பறம் இன்னைக்குத்தான் புடிக்கறா.

நான், "ரெண்டு வேளையும் நடந்தா சார். வீக்கம் இன்னைக்குக் காத்தாலதான் பாத்தேன்"னு சொல்லிப்போட்டேன்.

அவரு அதை எழுதிக்கிட்டாரு. பெரிய டாக்டரு சேலத்துல இருந்து வர்றாரு, நாலு மணிக்கு முடிவு பண்ணுவோம், நீங்க சொல்றதையும் வெச்சுத்தான் பாக்கோணும்னு சொல்லிட்டு உள்ள போனாரு. நான் சொன்ன பொய்யை எழுதி, அவ கட்டில்ல தொங்க உட்டிருக்கறாங்க அம்மிணி. நாலஞ்சு பேரு அதைப் படிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கறாங்க.

காத்தாலயிருந்து நாலு தடவை அந்தக் கதவுகிட்டப் போனேன். செக்யூரிட்டி என்னன்னு கேட்டா, "ஒண்ணுமில்லீங்க"ன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துக்கறேன். கதவுல ஒரு கண்ணாடி இருக்குது பாருங்க, அதுல எட்டிப் பாத்தா அவ கால் மட்டும் தெரியுது. உறை இல்ல. வெறுங்காலு. முடியலீங்க. வெளிய சொன்னா மக கையை உட்டுருவா. சொல்லாட்டி இவ போயிருவா. இதுல யோசிக்க என்ன இருக்குதுன்னு நீங்க நெனைப்பீங்க. அதான் அம்மிணி, யோசிக்க ஒண்ணும் இல்ல, அப்பறமும் வாய் வரமாட்டீங்குது. நானெல்லாம் ஒரு மனுசனா?

நீங்க சீட்டைக் குடுத்து மெசினை எடுத்துக்கங்க. அதே கடையிலயே எடுங்க. நாப்பதுல வெச்சுக் குடுத்தா நாப்பதுலயே இருக்கட்டும். ஆனா அம்மாவை நடக்க வெச்சுருங்க. கத்துனாலும் நடக்க வெச்சுருங்க. கத்தறது நல்லதுங்க. கத்தாம இருந்தாத்தான் பயப்படோணும். ஒரு கால் மட்டும் வீங்குனா, ஆரு மூஞ்சியையும் பாக்காதீங்க, தூக்கிட்டு ஓடியாந்துருங்க.

மணி என்ன இப்ப? பத்து நிமிசம்தான் இருக்குதா?

அந்தா, லிப்டுல வர்றா பாருங்க, மஞ்சச் சுடிதாரு, கையில மருந்துப் பை. அதுதான் கிருத்திகா. அம்மா ஜாடை அப்படியே. என்னையப் பாத்துச் சிரிக்கறா. அவ பக்கத்துல வந்து கையைப் புடிச்சுட்டான்னா என்னால ஆவாது. எனக்கு என்னையத் தெரியும்.

செக்யூரிட்டி கதவைத் தொறக்கறாரு. பாவாயி கூட வந்தவங்க ஆருங்கறாரு. இங்கதானுங்க, இங்கதான் இருக்கறேன், வந்துட்டேன்.

அம்மிணி, ஒரே ஒரு ஒதவி. உங்க பேருகூடக் கேக்கல நான். எந்திரிங்க, என்ற கூட அந்தக் கதவு வரைக்கும் வாங்க. டாக்டருக்கு முன்னால நான் நிக்கறப்ப எனக்குப் பின்னால நில்லுங்க. நான் வேற எதையாச்சும் சொல்லி மழுப்புனா, அறுபதுல வெச்சேன், மெசினு ஓட்டைன்னு எதையாச்சும் பேசிக்கிட்டு நின்னா, நீங்க என்னையத் தள்ளிட்டு முன்னால வந்து சொல்லிப்போடுங்க. வியாழக்கெழமை காத்தால. எடது காலு. ஒரு அடிகூட நடக்கல, நான் நடக்க உடல. அவ்வளவுதான். எங்க, ஒருக்காச் சொல்லுங்க பாக்கலாம்.

இன்னொருக்காச் சொல்லுங்க.